அந்தோனியாருக்கு முற்காசு

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தோனியார் கோயில் வாசலில் நின்றவர்கள்: பூசையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்த பாதர், கோயில் மூப்பர், எஞ்சின் திருத்துகிற சூசை அண்ணை, அவருடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் திரேசாக்கா, கடலுக்குப் போக வெளிக்கிட்டு வந்த வழியில் நின்றுவிட்ட ஏழெட்டுப் பேர், எங்கள் அம்மா. நடுவில், பேக்கரிப் பாண் நிரம்பிய உரப்பைகளுக்குப் பக்கத்தில், மீன் வெட்டுகிற கத்தியைக் கழுவித் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மா. முட்கம்பிக்கு அந்தப் பக்கம், சந்திக் காவலரணில், நேவிப் பெடியன்கள் இரண்டு பேர்.

வராதவர்கள் இரண்டு பேர். அப்பா வழக்கத்தைவிட நேரத்தோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மற்றவன் நான். எனக்காகத்தான் அந்தப் பாண் வெட்டப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்ஸில் எங்கள் தரிப்பில் இறங்காமல் ஊர்காவற்றுறை வரைக்கும் போய், காரைநகர் போகிற படகில் ஆட்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இறங்குதுறையில் நின்றேன். கோயில் வாசலில் நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

என்னை டொக்டர் ஆக்கியதற்காக அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக் கொடுத்த பாண் அது. நான் அப்போது டொக்டர் இல்லை. மருத்துவ பீடத்துக்குத் தெரிவானவன்கூட இல்லை. உயர்தரச் சோதனையை இரண்டாம் முறை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வெட்டுப்புள்ளி எப்போது வெளியாகும் என்று காத்திருந்தவன். முதல் முறை எழுதியபோது பௌதிகவியலில் சித்தியில்லை. அந்த முறையும் பெறுபேறு வர முன்னமே பெரியம்மா பாண் கொடுத்திருந்தார்.

கேட்டது கிடைத்தால் அந்தோனியாருக்குப் பாண் கொடுப்பது எங்கள் கரையில் எல்லோரும் செய்வதுதான். பெரியம்மா கிடைக்க முன்னமே கொடுத்துவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "முற்காசு வாங்கினவன் எங்கை போறது?" என்பார். வேறு விளக்கம் தரமாட்டார்.

அந்த நியாயம் அவருக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. பெரியப்பாவை எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். கலியாணம் கட்டிய புதிதில், வலை வாங்க ஒரு சம்மாட்டியிடம் முற்காசு வாங்கியிருக்கிறார். வள்ளங்களும் வலைகளும் சொந்தமாக வைத்திருந்த பெரிய ஆள் அந்தச் சம்மாட்டி. வாங்கியதோடு சரி, பிறகு பெரியப்பா பிடித்த மீன் முழுக்க அவருடைய கரைக்கே போனது. அவர் சொன்னதே விலை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பெரியப்பாவின் வள்ளம் அந்தக் கரைக்குத்தான் திரும்பவேண்டும். "வீட்டிலை கத்திற கத்திலை கூரைக் கிடுகு பறக்கும். சம்மாட்டியைக் கண்டா மடிச்சுக் கட்டின சாரத்தை இறக்கிப்போட்டு நிலத்தைப் பாப்பார்" என்று பெரியம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் சிரிப்பேன் என்று நினைத்துச் சொன்னாரோ தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா செத்த பிறகு பெரியம்மா யாரிடமும் முற்காசு வாங்கவில்லை. கொடுக்கத் தொடங்கினார். சின்ன வள்ளங்களிடம் மீன் வாங்கி உப்புப் போட்டுக் கருவாடாக்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார். வள்ளக்காரருக்குக் கொஞ்சக் கொஞ்சமாய் முற்காசு. தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது, மருத்துவிச்சிக்கு ஒரு சீலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். "இதெல்லாம் வாங்கக்கூடாதம்மா, என்ர வேலை போயிடும்" என்று அந்த மனுசி கும்பிடாத குறையாகச் சொன்னார். பெரியம்மா, வாசலில் நின்ற மருத்துவிச்சியின் சைக்கிள் கரியரில் சீலையைச் செருகிவிட்டு வந்துவிட்டார். "இனி அவா நித்திரை கொள்ளமாட்டா" என்றார், திருப்தியோடு.

எனக்கு ரியூசன் யாழ்ப்பாணத்தில். பாதை திறந்து, சண்டை நின்றிருந்த காலம் அது. பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடியது. பின்னேர வகுப்பு முடிய, தீவுக்குப் போகிற கடைசி பஸ் வெளிக்கிடுகிற நேரமாகிவிடும். பெரியம்மா ஒருநாள் பஸ் கொண்டக்டரிடம் காசை நீட்டினார்.

"தம்பி, இந்தா நாளையான் காசு."

"நாளைக்கு ஏறேக்கை தாங்கோவன் அக்கா."

"நான் ஏறேல்லை. என்ர பெடியன் ஏறுவான். அவனுக்கு வகுப்பு முடிய நேரம் செல்லும். காசு வாங்கினா விட்டிட்டுப் போகமாட்டாய்தானே."

"நாளைக்கு நான் லீவு அக்கா."

"அப்ப வாறவனிட்டை இதைக் குடுத்துச் சொல்லிவிடு. காசு இப்ப உன்ர கையிலையெல்லோ இருக்கு."

அடுத்த நாள் பஸ் உண்மையாகவே நின்றது. நான் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, பஸ் முழுக்க யன்னலால் என்னைப் பார்த்தது. மிதிபலகையில் ஏறினேன். கூடையோடு இருந்த ஒரு மனுசி கேட்டார், "உவரோ அந்த டொக்டர்?"

"ஓம், உவர்தான்" என்றார் புதுக் கொண்டக்டர். "அட்வான்ஸ் கட்டின டொக்டர்."

பஸ் சிரித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் வகுப்பு முடிய முன்னமே எழும்பி ஓடி, முதல் ஆளாய்ப் போய் பஸ்ஸுக்குள் இருந்தேன். பௌதிகவியலில் மின்னோட்டம் படிப்பித்த நாட்கள் அவை. கடைசி அரை மணித்தியாலம் எதுவும் எனக்குத் தெரியாது.

பௌதிகவியல் மாஸ்ரருக்கும் மூன்று மாதக் காசு முன்னமே போயிருந்தது. நூறு நூற்றைம்பது பேர் இருக்கிற கொட்டிலில் மாஸ்ரர் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். என்னை மட்டும் எழுப்புவார். "நீர் எழும்பும். விளங்கினதோ? உம்மட பெரியம்மா காசைத் தந்திட்டா. உமக்கு விளங்காமல் விட ஏலாது."

விளங்கவில்லை. "ஓம் சேர், விளங்கினது" என்று தலையாட்டினேன். ஒவ்வொரு முறையும் ஆட்டினேன். காசு கொடுத்தாகிவிட்டது, விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் எனக்கு முதல் யாரும் எட்டாம் வகுப்புத் தாண்டவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். பெரியம்மாவுக்கு அதுவும் இல்லை, பெருவிரல்தான். விளங்காதது ஒரு குற்றமா, வருத்தமா, எல்லோருக்கும் வருவதா என்று வீட்டில் கேட்க ஆளில்லை.

முதல் முறை சித்தியில்லை என்று வந்தபோது சூசை அண்ணை என்னைச் சந்தியில் மறித்தார். கையில் கிறீஸ், வாயில் பீடி. "டொக்டர், ஒரு சின்னப் பிரச்சினை. அண்டைக்குத் திண்ட பாணைத் திருப்பித் தரச் சொல்லிச் சொல்லுவாவோ பெரியம்மா? அது இப்ப எங்களிட்டை இல்லை." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுசன் இல்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்தமுறை பாப்பமடா" என்று முதுகில் தட்டினார். சேட்டில் கிறீஸ் கை பதிந்தது.

பெரியம்மா என்னை ஏசவில்லை. அழவுமில்லை. "குறைச்சுக் குடுத்திட்டன்" என்றார். "பேந்து, ஆருக்கு என்ன வேலை எண்டும் சொல்லேல்லை. அது என்ர பிழை."

இரண்டாம் முறை பெறுபேறு நன்றாக இருந்தது. மூன்று பாடமும் நல்ல சித்தி, உயிரியலில் அதிவிசேட சித்தி. மருத்துவத்துக்குக் கிட்டத்தட்டப் போதும், போதாமலும் போகலாம். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் பார்க்கிற சேர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். "முதலாவது மெடிசின் எழுதும். அதுக்குக் கீழை சித்த மருத்துவம், விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் வரிசையா எழுதும். ஒண்டு வராட்டி மற்றது வரும்."

விண்ணப்பத்தை எங்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்து நிரப்பினேன். பெரியம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். எழுதுவது ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டவேண்டும்.

"முதலாவது?"

"மெடிசின்."

"சரி. ரெண்டாவது எண்டு ஏன் இடம் விட்டிருக்கு?"

"முதலாவது கிடைக்காட்டி அதைத் தருவினம் பெரியம்மா."

பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "சந்தையிலை மீனுக்கு விலை சொல்லேக்கை, நானூறு, தராட்டி முந்நூறும் சம்மதம் எண்டு சொல்லுவியோ? சொன்னா எவன் நானூறு தருவான்?"

"இது சந்தையில்லைப் பெரியம்மா."

"எல்லாம் சந்தைதான் மோனை. உதிலை ரெண்டாவதை எழுதினாயெண்டா அவங்கள் பாத்திட்டுச் சொல்லுவாங்கள், இவனுக்கு ரெண்டாவது போதும், முதலாவதை வேறை ஆருக்கும் குடுப்பம் எண்டு. அந்தோனியாரும் அதையே நினைப்பார்."

அம்மா குசினி வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அப்பா, "எனக்கு உது விளங்காது, பெரியம்மாவிட்டைக் கேள்" என்றுதான் சொல்வார். பெரியம்மா சொல்வது பிழை என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு தெரியும். ஆனால் நான் படித்த மூன்று வருடமும் அவருடைய கருவாட்டுக் காசு. அவருக்கு முன்னால் இருந்துகொண்டு இரண்டாவது விலையை எழுத எனக்குக் கை வரவில்லை. மாஸ்ரருக்குத் தலையாட்டியது போல் அவருக்கும் தலையாட்டினேன். மருத்துவம் என்று ஒன்றை மட்டும் எழுதி, மற்ற இடமெல்லாம் வெறுமையாக விட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. இந்த முறை பெரியம்மா பாணைச் சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொரு துண்டோடும் வேலையையும் சொல்லிக் கொடுத்தார். "ஒரு செபமாலை. முழுசா. வெட்டுப்புள்ளி வாற மட்டும் ஒவ்வொரு நாளும்."

"ஒரு துண்டுக்கு ஒரு செபமாலையோ அக்கா?" என்று சூசை அண்ணை கேட்டாராம். "அப்ப எனக்கு அரைத் துண்டு தாங்கோ."

பெரியம்மா உண்மையாகவே துண்டை இரண்டாக வெட்டி, பாதியை அவர் கையில் வைத்துவிட்டு மற்றப் பாதியை அவருடைய மகனுக்குக் கொடுத்தார். "நீயும் அரை சொல்லு."

கடைசியில் மிஞ்சிய பாணை எடுத்துக்கொண்டு முட்கம்பிக்குக் கிட்டப் போனார். அம்மா, "அக்கா, அங்கை ஏன்?" என்று மறித்தா. அவர் நிற்கவில்லை. காவலரணில் நின்றவர்களில் ஒருவன் சிலாபம் பக்கத்துப் பெடியன். சிங்களவன், உடைந்த தமிழ் கதைப்பான். "நீ வேதக்காரனோ?" என்று பெரியம்மா கேட்டார். அவன் சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை எடுத்துக் காட்டினான். "அப்ப உனக்கும் ஒரு செபமாலை" என்று கம்பிக்குள்ளால் பாணைக் கொடுத்தார்.

"ஹரி அம்மே, சரி" என்றானாம். "சொல்றது."

வெட்டுப்புள்ளி பத்திரிகையில் வந்தது. எனக்குப் போதவில்லை. தசமத்துக்குப் பிறகு வருகிற இலக்கத்தில் போதவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விண்ணப்பம் பார்க்கிற சேர் பத்திரிகையை விரித்து விரலை ஓட்டினார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லை, சித்த மருத்துவம் வரும். விஞ்ஞானம் கண்ணை மூடிக்கொண்டு வரும். கீழை என்ன வரிசையிலை எழுதினீர்?"

"எழுதேல்லை சேர்."

"விளங்கேல்லை."

"மெடிசின் மட்டும்தான் எழுதினனான். மற்றது... மறந்திட்டன் சேர்."

"மெடிசினுக்குப் போடுற பிள்ளை மறக்கிறதோ?" என்றார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வீட்டில் பெரியம்மா முற்றத்தில் குந்தியிருந்து மீனைக் கீறிக்கொண்டிருந்தார். வரவில்லை என்று சொன்னேன். கத்தி நின்றது.

"ரெண்டாவதெண்டு எழுதியிருந்தா, அது கிடைச்சிருக்குமோ?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வாயில் வரவில்லை. "ஓம்" என்றேன்.

பெரியம்மா எழும்பிக் கையைக் கழுவினார். சீலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் ஓடினேன்.

முதலாவது திரேசாக்கா வீடு.

"திண்டனீதானே. சொன்னனியோ?"

திரேசாக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவா, புகைக்குள்ளால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "என்னக்கா?"

"செபமாலை. ஒவ்வொரு நாளும் சொன்னனியோ?"

"கொஞ்ச நாள் சொன்னனான் அக்கா. பேந்து பிள்ளைக்குக் காய்ச்சல்..."

"அதுதான் பாத்தன்" என்றுவிட்டு பெரியம்மா திரும்பினார்.

சூசை அண்ணை கழற்றிய எஞ்சினுக்கு முன்னால் இருந்தார். "அக்கா, அரைத் துண்டுக்கு என்ர கணக்குச் சரி. முதல் கிழமை விடாமல் சொன்னனான். பேந்து கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்." மூப்பர் வீட்டில், மூப்பர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பாமலே, "எனக்குச் செபம் படிப்பிக்க வந்தனீரோ?" என்று கேட்டார். அப்படி வீடு வீடாக. நான் பின்னால் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "பெரியம்மா, வாங்கோ, வீட்டை போவம். காலிலை விழுறன், வாங்கோ."

"நீ பேசாமல் நில். உன்னிலை ஒரு பிழையும் இல்லை. இவை வாங்கித் திண்டிட்டு வேலை செய்யேல்லை."

யாருடைய பிழை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று, மீன் கீறிய கத்தி நின்றபோதே எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் ஒழுங்காகச் செபம் சொல்லியிருந்தால் அந்தப் பிழை வேறெங்கும் போகாமல் அவரிடமே வந்து நின்றிருக்கும். அதற்காகத்தானோ என்னவோ ஒரு வீட்டையும் விடாமல் போனார்.

கடைசியாகச் சந்திக்கு வந்தார். வேப்பமரத்துக்குக் கீழே ஆட்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அவர்களைத் தாண்டிக் காவலரணுக்குப் போனார். சிலாபத்துப் பெடியன்தான் நின்றான். கையைக் காட்டி என்னவோ கேட்டார். அவன் துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு, காற்சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தான். "ஒவ்வொரு நாளும் அம்மே. டியூட்டி நேரம்."

பெரியம்மா திரும்பி வந்து, வலை பொத்தியவர்களுக்கு முன்னால் நின்றார்.

"கேட்டியளோ? உங்களிலை ஒழுங்காச் சொன்னது அவன் ஒருத்தன்தான். அந்தா, சென்றியிலை நிக்கிறவன்!"

வலை ஊசிகள் நின்றுவிட்டன. சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அந்தச் சந்தியைச் சுற்றித்தான் இருந்தன. கடலுக்குப் போக அந்தக் காவலரணில் பாஸைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். யாரோடு ஒப்பிட்டும் அவர்களைக் குறைத்துச் சொல்லலாம், அவனோடு ஒப்பிட்டுச் சொல்லக்கூடாது. அது பெரியம்மாவுக்கும் தெரியாததல்ல. நான் அவருடைய கையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் பெரியம்மாவுக்கு ஒரு வள்ளமும் மீன் கொடுக்கவில்லை. முற்காசு வாங்கியவர்கள்கூடக் காசைக் கொண்டுவந்து படலையில் செருகிவிட்டுப் போனார்கள். கருவாடு காயப் போடுகிற பரண் வெறுமையாகக் கிடந்தது. அப்பாவின் வள்ளத்து மீன் மட்டும் வந்தது. அது எங்கள் கறிக்கே சரி.

நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறையும் எழுதினேன். விண்ணப்பத்தில் மருத்துவத்துக்குக் கீழே இருந்த இடமெல்லாம் நிரப்பினேன். அவை ஒன்றும் தேவைப்படவில்லை, மருத்துவமே கிடைத்தது. மின்னோட்டத்தை ஒழுங்காகப் படித்ததுதான் காரணம். பீடத்தில் முதல் நாள் சீனியர்மார் வரிசையாக நிற்கவைத்து, "நீர் எத்தனையாம் தரம்?" என்று கேட்டபோது, மூன்று என்று விரலைக் காட்டினேன். வாயால் சொல்ல இன்றைக்கும் கூச்சம்தான். அந்த மூன்றாம் முறை பெரியம்மா பாண் கொடுக்கவில்லை, யார் வீட்டுப் படலையையும் தட்டவில்லை. சண்டை திரும்ப மூண்டு, அல்லைப்பிட்டியில் ஆட்களை வீட்டுக்குள் வைத்தே சுட்டுக் கொன்ற பிறகு எங்கள் கரையும் வெறித்துப் போனது. பெரியம்மா மன்னாருக்கு மகளிடம் போனார். எனக்குத் தெரிவு வந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு அது முதலே தெரியும், நீ இப்பதான் சொல்லுறாய்" என்றார். பிறகு பாதை மூடிவிட்டார்கள். அங்கேயே செத்தார், அங்கேயே அடக்கம். போகமுடியாத காலம், நான் போகவில்லை.

ஆனால் வள்ளங்கள் மீன் கொடுக்காமல் விட்ட அந்தக் கிழமையில், இனிச் சோதனை எழுதுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். அப்பாவோடு கடலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவின் பழைய சாரமொன்றைத் தோய்த்துக் கொடியில் போட்டா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கோயிலுக்குப் பக்கத்திலிருந்த கடற்றொழிலாளர் சங்கக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். பெரியம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்க் குற்றத்துக்கு அங்கேதான் தண்டம் போடுவது. குடித்துவிட்டுக் கோயில் வாசலில் கத்தினால், மற்றவன் வலையை அறுத்தால், தண்டம். காசு திருநாள் செலவுக்குப் போகும். பெண்பிள்ளைக்குத் தண்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

பெரியம்மா கொட்டிலின் நடுவில் நின்றார். கதிரை கொடுத்தார்கள், இருக்கவில்லை. நான் தூணோடு நின்றேன்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ" என்றார் சூசை அண்ணை. அவருடைய குரலில் பகிடி இல்லை. "கீழை ஒண்டும் எழுதாதை எண்டு பெடியனுக்குச் சொன்னது ஆர்?"

கிணற்றடியில் அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறா. எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். படித்தவன் நான்தானே. நான் சொல்லியிருக்கவேண்டும், அவர் சொன்னாலும் எழுதாமல் விட்டது என்னுடைய கை என்று. தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"நான்தான்" என்றார் பெரியம்மா. "எழுத்துத் தெரியாதவள் சொன்னனான். அதுக்கு எவ்வளவு தண்டம்?"

மூப்பர் இருமினார். "அதுக்கு எங்களிட்டைத் தண்டமில்லை. அது உங்கட வீட்டு விசயம். சென்றியைக் காட்டி ஊரைக் கேவலப்படுத்தினதுக்குத்தான். ஐஞ்ஞூறு. குடுத்தீரெண்டா நாளையிலிருந்து வள்ளங்கள் மீன் தரும்."

பெரியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, தாள்களைப் பிரித்து, மேசையில் வைத்தார். மூப்பர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ஐஞ்ஞூறெண்டுதானே சொன்னனான். இது கூடவெல்லோ கிடக்கு."

"மற்றது அடுத்த முறைக்கு" என்றார் பெரியம்மா.

"என்ன அடுத்த முறை?"

"பெடியன் திரும்பச் சோதினை எடுப்பான். நான் திரும்பவும் உங்களைக் கேப்பன். நீங்கள் திரும்பவும் தண்டம் போடுவியள். வைச்சிருங்கோ."

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். மூப்பர் சூசை அண்ணையைப் பார்த்தார். சூசை அண்ணை தன்னுடைய கிறீஸ் கையைப் பார்த்தார். மூப்பர் கடைசியில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளை வைத்து, மெல்ல எழுதிக் கிழித்து நீட்டினார். பெரியம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூணோடு நின்ற என்னிடம் கொண்டுவந்தார்.

"என்ன எழுதியிருக்கு எண்டு வாசி மோனை. எல்லாருக்கும் கேக்க வாசி."

நான் வாசித்தேன். "ரூபா ஆயிரம் மட்டும்."